ஒரு தாங்கிக்கு ஆறு வருட விசாரணை, 99 தாங்கிகளுக்கு ஒரு கேள்வியும் இல்லையா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். லைக் போட மறந்தாலும் பரவாயில்லை. கடைசியில் ஒரு காரியம் கேட்டிருக்கிறோம், அதை மட்டும் செய்யுங்கள்.

போன கிழமை எங்கட வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு வீடியோ சுற்றியது. இங்கிலாந்தில் ஒருவர் பழைய யுத்த தாங்கி ஒன்றை விலைக்கு வாங்கி, தன் காணிக்குள்ளேயே ஓட்டித் திரிகிறார். அதற்குக் கீழே நம் இளைஞர்கள் போட்ட பகிடிகளைப் பார்த்து நாமும் சிரித்தோம். "மாரி மழைக்கு எங்கட குறுக்கு ரோட்டுக்கு இதுதான் சரி" என்றார் ஒருவர். "ஆட்டோவ வித்துட்டு இதை எடுத்தா லீசிங்காரன் கிட்ட வரமாட்டான்" என்றார் இன்னொருவர்.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், நம்மட நாட்டில தனி ஆள் ஒருத்தர் ஆமிட பழைய தாங்கிய வாங்கலாமா?"

"ஏலாது மகன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதில் உறுத்தியது. ஏனென்றால் நம் மாவட்டத்தில் யுத்தத்துக்காகக் கட்டிய பழைய தாங்கிகள் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, 99. அவை சக்கரமும் பீரங்கியும் உள்ள தாங்கிகள் அல்ல, சீனக்குடாவில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள். பத்திரிகையில் எண்ணெய்க் குதங்கள் என்று எழுதுவார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் அவை பிரித்தானியக் கடற்படையின் சொத்தாக, யுத்தக் கப்பல்களுக்கு எண்ணெய் ஊட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. படை போய்விட்டது, தாங்கி நிற்கிறது. இப்போது அது யாருடையது என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த மாணவனின் கேள்விக்கே முழுப் பதில் சொல்லிவிடுவோம்.

வெளிநாடுகளில் வாங்கலாம். அர்னால்ட் சுவார்ஸ்நெகரை எல்லாருக்கும் தெரியும். அவர் இளைஞராக இருந்தபோது 1965இல் ஒஸ்திரிய இராணுவத்தில் சேவை செய்தார். அப்போது ஓட்டிய எம்-47 தாங்கியையே பிற்காலத்தில் தன் சொந்தமாக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இங்கிலாந்திலும் பழைய தாங்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடையில் சைக்கிள் வாங்குவது போல வாங்க முடியாது. அதன் பீரங்கி இனிச் சுடவே முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டு, அதற்கு அத்தாட்சிப் பத்திரம் இருக்க வேண்டும். பொது வீதியில் ஏற்றுவதென்றால் பதிவும் காப்புறுதியும் வேண்டும்.

ஜெர்மனியில் நடந்த கதை இன்னும் சுவாரசியமானது. கீல் நகரத்துக்குப் பக்கத்தில் ஹைக்கன்டோர்ஃப் என்று ஓர் ஊர். அங்கு வயதான ஒருவர் தன் வீட்டு நிலவறையில் இரண்டாம் உலக யுத்தக் காலத்துப் பாந்தர் தாங்கி ஒன்றை வைத்திருந்தார். 2015 ஜூலையில் அதிகாரிகள் வந்தார்கள். ஏறக்குறைய 20 இராணுவ வீரர்கள் சேர்ந்து அதை வெளியே இழுத்தெடுக்க ஒன்பது மணித்தியாலம் அளவில் ஆனது. அது பொம்மை மாதிரித்தான், சுடாது என்பது அவர் பக்க வாதம். உண்மையில் அதன் பல் பிடுங்கப்பட்டுவிட்டதா, திரும்பப் பூட்டினால் வேலை செய்யுமா என்று வழக்கு இழுபட்டது. 2021 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒத்திவைத்த 14 மாதச் சிறைத்தண்டனை, இரண்டரை இலட்சம் யூரோ தண்டம். இரண்டு வருடத்துக்குள் தாங்கியை ஒரு அருங்காட்சியகத்துக்கோ சேகரிப்பாளருக்கோ கொடுத்துவிடவும் வேண்டும்.

ஒரு தாங்கி. ஒரு கிழவர். ஒரு நிலவறை. அதற்கு ஓர் அரசு ஆறு வருடம் உட்கார்ந்து விசாரித்திருக்கிறது.

அந்த நாடுகளின் சட்டம் இப்படிப்பட்ட பொருளைப் பற்றி அடிப்படையில் மூன்று விஷயங்களைத்தான் கேட்கிறது. ஒன்று, இது உன் கைக்கு எந்த எழுத்தில் வந்தது? இரண்டு, இதில் இருந்த ஆபத்து நீக்கப்பட்டுவிட்டதா, அதற்கு யார் அத்தாட்சி? மூன்று, நாளைக்கு ஒரு பிழை நடந்தால் யார் பதில் சொல்வது?

இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு இப்போது சீனக்குடாவுக்குப் போவோம்.

நிலாவெளியிலிருந்து டவுனுக்குப் போகிற வழியில், உப்புவெளியில், வெள்ளைக்காரன் மயானம் என்று நாம் சொல்லும் யுத்த மயானத்தை எல்லாரும் கண்டிருப்பீர்கள். புல் வெட்டி, பெயர் பொறித்து, எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். அந்த யுத்தத்துக்காகத்தான் டவுனுக்கு அந்தப் பக்கம் அந்தத் தாங்கிகளும் நின்றன. யுத்தம் தொடங்க முன்னரே, 800 ஏக்கருக்கு மேற்பட்ட காணியில் அவற்றைக் கட்டினார்கள். கீழ்த் தொகுதி கரையோரம், மேல் தொகுதி உள்ளே காட்டுப் பக்கம். ஒரு தாங்கி ஏறக்குறைய 12,000 கன மீற்றர் கொள்ளும். அதாவது ஒரு கோடி 20 இலட்சம் லீற்றர். 33,000 லீற்றர் பெரிய பவுசர் என்றால் 360க்கு மேற்பட்ட பவுசர்கள் ஒரே தாங்கியில் அடங்கும்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றுதான் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தாழ்ந்தது. நம் துறைமுகத்துக்குள் சகாயிங் என்ற கப்பல் குண்டுபட்டது. 2018இல் நமது கடற்படை அதை மேலே மிதக்கவைத்து எடுத்தது நினைவிருக்கும். சீனக்குடாவில் ஒரு தாங்கியும் அன்று எரிந்தது. ஜப்பானிய விமானமொன்று நேரே அதன் மீது வந்து மோதியது என்பதுதான் இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. செத்த வெள்ளைக்காரனின் பெயர் கல்லில் இருக்கிறது. இரும்புத் தகடு சுமந்து அந்தத் தாங்கிகளைப் பொருத்திய கூலியாட்களின் பெயரை நாம் எங்கேயும் கண்டதில்லை.

1957இல் பண்டாரநாயக்க அரசாங்கக் காலத்தில் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். தாங்கிகளும் நாளடைவில் நாட்டுக்கே சொந்தமாகின. இந்த இடத்தில்தான் நாம் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். நாட்டுச் சொத்து என்றால் ஆட்சியில் இருப்பவர் கையில் இருக்கும் அமானிதம். அமானிதத்தை வைத்திருப்பவர் அதன் சொந்தக்காரர் அல்ல. இதை மதரஸாவில் ஓதும் பிள்ளைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை.

அந்த அமானிதத்துக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1987 ஜூலை 29. ஜே.ஆர். ஜெயவர்தனவும் ராஜீவ் காந்தியும் ஒப்பந்தம் செய்தார்கள். வடக்கு கிழக்கு இணைப்பு எல்லாருக்கும் ஞாபகம். அதோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைப் புனரமைத்து நடத்துவது இரு நாட்டுக் கூட்டு முயற்சியாக இருக்கும் என்று ஒரு வரியும் இருந்தது. அந்த ஒப்பந்தத்தில் கிழக்கு முஸ்லிம்களைக் கேட்கவில்லை என்று அன்றே நம் சமூகம் குரல் எழுப்பியது. உண்மையில் தாங்கி விஷயத்தில் திருகோணமலைத் தமிழரையும் கேட்கவில்லை, சிங்களவரையும் கேட்கவில்லை. இதில் மட்டும் மூன்று சமூகமும் சமம்.

2003 பெப்ரவரி. சமாதானக் காலம், ரணில் விக்கிரமசிங்க பிரதமர். லங்கா ஐஓசி நிறுவனத்துக்குத் தாங்கித் தொகுதியை 35 வருடக் குத்தகைக்கு, வருடத்துக்கு ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம். முறையான குத்தகைப் பத்திரம் பிறகு எழுதப்பட வேண்டியிருந்தது, அது எழுதப்படவே இல்லை என்று பின்னாளில் பெற்றோலிய அமைச்சரே சொன்னார். ஆனாலும் கீழ்த் தொகுதியில் வேலை நடந்தது. மேல் தொகுதி காட்டுக்குள் துருப்பிடித்தது.

2022 ஜனவரி 6. புதிய ஒப்பந்தம். 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கு. 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. மிச்சம் 61 தாங்கிகள் ட்ரிங்கோ பெற்றோலியம் டேர்மினல் பிரைவேட் லிமிட்டட் என்ற புதுக் கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐஓசிக்கு 49 வீதம். காலம் 50 வருடம்.

2025 ஏப்ரல் 5. இந்தியப் பிரதமர் வந்திருந்தபோது இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. எதிர்க்கட்சியில் இருந்தபோது தாங்கி ஒப்பந்தங்களை எதிர்த்துக் கோஷம் போட்டவர்களின் ஆட்சியில்தான் இது நடந்தது.

நான்கு திகதி, வேறு வேறு ஆட்சிகள். ஒரு தடவையாவது நம் மாவட்டத்தில் ஒரு கூட்டம் வைத்து, "இதுதான் எழுத்து, இதுதான் நிபந்தனை, உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டதாக நமக்கு நினைவில்லை. யாருக்காவது நினைவிருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம். இந்த ஒப்பந்தங்களில் ஒன்றைக்கூட நாம் தமிழில் வாசித்ததில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போடுகிற கணக்குத்தான்.

2003 கணக்குப்படி வருடம் 100,000 டொலர். 99 தாங்கிகளால் வகுத்தால் ஒரு தாங்கிக்கு வருடம் ஏறக்குறைய 1,010 டொலர். 12ஆல் வகுத்தால் மாதம் 84 டொலர். அன்றைக்கு ஒரு டொலர் 100 ரூபாவுக்கும் சற்றுக் குறைவு. ஆக ஒரு கோடி 20 இலட்சம் லீற்றர் கொள்ளும் ஒரு தாங்கிக்கு மாத வாடகை 8,400 ரூபாவுக்கும் குறைவு. இன்றைக்கு டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 25,000 ரூபா சொச்சம். டவுனில் ஒரு கடையறைக்கு வாடகை கொடுப்பவர்கள் இதை வாசித்தால் அவர்களே மிச்சத்தைச் சொல்வார்கள்.

இப்போது அந்த மூன்று கேள்விகள்.

முதலாவது, எந்த எழுத்தில்? ஜெர்மன் கிழவரிடம் கேட்ட கேள்வியை நாம் நமது அரசிடம் கேட்கிறோம். சொத்து விற்கப்படவில்லை, குத்தகைதானே என்பார்கள். சரி. 50 வருடக் குத்தகை என்றால் இன்று நம் வகுப்பில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளை அறுபது வயதைத் தொடும். அந்தப் பிள்ளையின் பேரப்பிள்ளை கேட்கும்போதுதான் தாங்கி திரும்பி வரும். அவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரு பொருளைக் கைமாற்றினால் அந்த எழுத்தைச் சனங்கள் வாசிக்கக் கூடாதா?

இரண்டாவது, ஆபத்து நீங்கியதா? யுத்த தாங்கியின் ஆபத்து பீரங்கியில். எண்ணெய்த் தாங்கியின் ஆபத்து அதன் வயிற்றில். எத்தனையோ காலம் காட்டுக்குள் கிடந்த இரும்புக்குள் புது எண்ணெயை நிரப்ப முன்னர் தகட்டின் தடிப்பு அளக்கப்பட்டதா? அடியில் படிந்த பழைய எண்ணெய்ச் சேறு எங்கே போகும்? மழைத்தண்ணீரோடு கிணறுகளுக்கு வராதா? தீ பிடித்தால் அணைக்கும் ஏற்பாடு என்ன? நாம் யாரையும் குற்றம் சாட்டவில்லை. எல்லாம் சரியாகவே செய்திருக்கலாம். அப்படியானால் அறிக்கையைக் காட்டுவதில் என்ன கஷ்டம்?

பயப்படுவது வீண் என்று சொல்ல முடியாது. 2016 ஜூன் 5, கொஸ்கம சாலாவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் வெடித்தபோது சுற்றியிருந்த சனங்களின் வீடுகள் உடைந்தன. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரை மீனவர்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். நான்கு வருடம் கழித்து, 2025 ஜூலையில்தான் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. சீனக்குடா நமக்குத் தூரம் என்று நினைக்காதீர்கள். துறைமுக வாயிலில் எண்ணெய் கசிந்தால் அதற்கு உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று எல்லை தெரியாது. நம் ஊரில் பாதி வீடு கடலை நம்பி, மீதி வீடு புறாத்தீவுக்கு வரும் ஆட்களை நம்பி. மணல் கறுத்தால் இரண்டு வீட்டிலும் உலை ஏறாது.

மூன்றாவது, யார் பொறுப்பு? பெயரைப் பாருங்கள், பிரைவேட் லிமிட்டட். அந்த லிமிட்டட் என்ற சொல்லின் அர்த்தமே பங்குதாரரின் பொறுப்புக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்பதுதான். நாளைக்கு ஒன்று நடந்தால் கூட்டுத்தாபனம் கம்பனியைக் காட்டும், கம்பனி மற்றப் பங்குதாரரைக் காட்டும், அமைச்சு போன அரசாங்கத்தைக் காட்டும். நாம் யாருடைய வாசலில் போய் நிற்பது?

நாலாவதாக ஒரு கேள்வியை நாமே சேர்க்கிறோம். ஊருக்கு என்ன? நீரும், மேய்ச்சல் புல்லும், நெருப்பும் மனிதருக்குப் பொது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எண்ணெய் என்பது இந்தக் காலத்து நெருப்பு. 2022 ஜூன், ஜூலையை மறந்துவிட்டோமா? எரிபொருள் இல்லாமல் பாடசாலை மூடியது. ஓட்டோக்காரர் இரவு முழுக்க வரிசையில் படுத்தார். கடலுக்குப் போக மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. பத்து இலட்சம் தொன்னுக்குக் கிட்ட கொள்ளக்கூடிய தாங்கிகளின் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஐந்து லீற்றருக்கு நாம் கியூ நின்றோம். ஒப்பந்தத்தில் மாவட்டத்து மீனவருக்கு, வைத்தியசாலைக்கு, பாடசாலை பஸ்ஸுக்கு அவசர காலத்துக்கென்று ஒரு தாங்கியாவது ஒதுக்கச் சொல்லி ஒரு வரி இருக்கிறதா? வேலைவாய்ப்பில் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு, தமிழ், முஸ்லிம், சிங்களம் எதுவானாலும், ஒரு பங்கு உண்டா? எரிந்த அந்தப் பழைய தாங்கியை நாலு பாடசாலைப் பிள்ளைகள் போய்ப் பார்த்துச் சரித்திரம் படிக்க வழி இருக்கிறதா?

இனி நமக்கு வரப்போகும் பதில்களையும் நாமே எழுதிவிடுகிறோம்.

"காட்டுக்குள் சும்மா கிடந்ததை யாராவது எடுத்துச் சரிப்படுத்தினால் நல்லதுதானே, சேர்?" நல்லதுதான். மேல் தொகுதி அத்தனை வருடம் துருப்பிடித்தது நம் ஆட்சியாளர்களுக்கு வெட்கம். 2022இல் கூட்டுத்தாபனத்தின் ஷெட்டுகள் வறண்டபோது லங்கா ஐஓசி திருகோணமலையிலிருந்து தொடர்ந்து எண்ணெய் அனுப்பியது. இந்தியா கடனுக்கு எரிபொருள் தந்தது. அதை மறுத்தால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். ஆனால் நன்றி வேறு, பத்திரம் வேறு. கஷ்டத்தில் அரிசி தந்த அயலவர் வீட்டுக் காணியைக் கேட்டால், உறுதியை வாசிக்காமல் கையெழுத்து வைப்போமா?

"நீங்கள் இந்தியாவுக்கு எதிரா?" இல்லை. சீனா வந்தாலும் இதையே கேட்போம். கொழும்பிலிருந்து ஒரு பெரிய முதலாளி வந்தாலும் இதையே கேட்போம். எமிரேட்ஸ் முஸ்லிம் நாடு என்பதற்காக நம் கேள்வி ஒரு அங்குலமும் குறையாது. நமக்குச் சொந்தக்காரர் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் விட்டுத்தான் நம் ஊர்ப் பொதுக் காரியங்கள் எத்தனையோ நாசமாகின.

"இது தேசியப் பாதுகாப்பு விஷயம், வாத்திமார் கதைக்கக் கூடாது." தாங்கிகள் எங்கே நிற்கின்றன என்று கூகுள் படத்திலேயே எண்ணலாம். குத்தகைத் தொகையும், சுற்றாடல் அறிக்கையும், விபத்துப் பொறுப்பும் இராணுவ இரகசியம் அல்ல. உண்மையான இரகசியம் ஏதும் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு மிச்சத்தைத் தரலாம்.

கடைசிப் பதில்தான் நமக்கு அதிகம் வலிக்கிறது. அதை வெளியில் யாரும் சொல்வதில்லை, நமக்குள் நாமே சொல்லிக்கொள்வது. "நாம சிறுபான்மை, வாய் திறந்தா நமக்குத்தான் பிரச்சினை, பேசாம இருப்பம்."

அந்தப் பயத்தை நாம் இளக்காரமாகப் பேசமாட்டோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த மாதங்களை நாமும் கடந்தவர்கள்தான். தேங்காய் வெட்டும் கத்திக்கும், அலுமாரியில் கிடந்த பழைய வாளுக்கும், உடுப்பில் இருந்த படத்துக்கும்கூட விளக்கம் சொல்ல வேண்டி வந்த காலம் அது. ஹசலகவில் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு உடுத்த ஒரு முஸ்லிம் பெண்ணைத் தர்மசக்கரம் என்று சொல்லிக் கைதுசெய்தார்கள். ஒரு சமூகத்தின் குசினிக் கத்திக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த அரசுக்கு, அந்தச் சமூகமும் அயல் சமூகங்களும் சேர்ந்து 99 தாங்கிகளுக்குக் கணக்குக் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். கேள்வி கேட்பது குற்றம் அல்ல. கேட்காமல் இருப்பதுதான், நாளைக்கு நம் பிள்ளைகள் "வாப்பா, அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்கும்போது குற்றமாக நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது முஸ்லிம்களின் தனிப் பிரச்சினையாக ஆகிவிடக் கூடாது. சீனக்குடாவைச் சுற்றி மூன்று சமூகமும் இருக்கிறது. பெற்றோலியத் தொழிற்சங்கங்களில் சிங்களச் சகோதரர்கள் இந்த ஒப்பந்தங்களுக்கு எதிராக வீதியில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய கோஷம் எல்லாவற்றோடும் நமக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் நாட்டின் சொத்து என்கிறார்கள், சரி, ஆனால் அந்தச் சொத்து நிற்கும் மாவட்டத்தின் சனங்களைப் பற்றி அவர்களும் பேசுவது குறைவு. அந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? ஊர்வலம் போக வேண்டாம், டயர் எரிக்க வேண்டாம். ஒரு கடிதம் எழுதுவோம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி அரசோ அரச கூட்டுத்தாபனமோ 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனியும் தகவல் தரக் கடமைப்பட்டது. 61 தாங்கிகளை வைத்திருக்கும் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். ஆகவே பிரைவேட் லிமிட்டட் என்ற போர்வைக்குள் ஒளிய முடியாது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருகிறோம் அல்லது தரமாட்டோம் என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மறுத்தால் ஆணைக்குழு. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நாம் கேட்கப்போவது ஐந்தே ஐந்து. 2003, 2022 ஒப்பந்தங்களின் பிரதி. இதுவரை கட்டிய குத்தகைப் பணத்தின் கணக்கு. தாங்கிகளின் பாதுகாப்பு, சுற்றாடல் அறிக்கைகள். விபத்து நடந்தால் நட்டஈட்டுக்கு யார் பொறுப்பு என்ற பிரிவு. மாவட்டத்து மக்களுக்கான வேலையும் ஒதுக்கீடும் பற்றிய ஏற்பாடு.

விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு பள்ளிவாசல் முன்றலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். வந்து வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள். உடன்பட்டால் உங்கள் பெயரில் ஒன்று எழுதிக் கையெழுத்து வையுங்கள், அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை காலை கோயிலடிக்கும், பிறகு தேவாலயத்தடிக்கும் அதே மேசை போகும். அங்குள்ள நண்பர்களோடு கதைத்துவிட்டோம். சிங்களத்தில் எழுதித் தரவும் ஆள் இருக்கிறது.

அந்த மாணவனுக்கும் திங்கட்கிழமை முழுப் பதிலைச் சொல்லப் போகிறோம். "மகன், ஒரு பழைய யுத்த தாங்கிய வாங்கிற ஆள்கிட்ட மத்த நாட்டில இத்தனை கேள்வி கேக்கிறாங்க. நம்மட மாவட்டத்தில 99 தாங்கி கை மாறினப்ப நாங்க ஒண்டும் கேக்கல்ல. இப்பதான் கேக்கத் தொடங்கியிருக்கம்."

அல்லாஹ் நம் ஊரையும் கடலையும் காப்பாற்றட்டும். வெள்ளிக்கிழமை சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.